மாதவிடாய்க்கு நாட்டு வைத்தியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு மருந்தாளுநர். எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. அங்கே சுக்கோ அசோகப்பட்டையோ வாங்கிய கையோடு இங்கே வந்து, "இதோட வலி மாத்திரையும் போடலாமா அக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கும் பெண்கள் ஏராளம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கீழே "ஆய்வு" என்று நான் சொல்வது பெரும்பாலும் ஒரே வகையைத்தான். பெண்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மூலிகையும் மற்றொன்றுக்கு அதே மாதிரி தோற்றமுள்ள, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து ஒப்பிடுவது. எலிகளிடம் நடந்த ஆய்வு என்றால் அதைத் தனியாகச் சொல்லிவிடுவேன்.

பீரியட்ஸ் வந்தா ஏன் இப்படி வலிக்குது? உடம்பு சூடுதான் காரணம்னு அம்மா சொல்றாங்க.

மாதவிடாய் தொடங்கும்போது கர்ப்பப்பையின் உள்சவ்வில் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. இறுகும்போது தசைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, வலிக்கிறது. அதே பொருள் குடலையும் முடுக்கிவிடுவதால்தான் சிலருக்கு முதல் நாளில் பேதியும் குமட்டலும் சேர்ந்து வருகின்றன. வலி அதிகமுள்ள பெண்களுக்கு இந்தப் பொருள் கூடுதலாகச் சுரப்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். உடம்பு சூட்டை அப்படி அளக்க முடியாது.

இந்த வலி வயசுக்கு வந்த ஓரிரு ஆண்டுகளில் தொடங்கும், முதல் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். இருபது, முப்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த வலி, மாதாமாதம் கூடிக்கொண்டே போகும் வலி, மலம் கழிக்கும்போதோ தாம்பத்தியத்தின்போதோ வரும் வலி ஆகியவை வேறு வகை. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), நார்த்திசுக் கட்டி போன்றவை பின்னால் இருக்கலாம். அப்படியானால் கஷாயத்துக்கு முன்னால் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சுக்குக் கஷாயம் நிஜமாவே கேட்குமா, இல்ல மனசுக்கு ஒரு ஆறுதலா?

நிஜமாகவே கேட்கும் என்று சொல்ல ஓரளவு ஆதாரம் உள்ள மூலிகை இதுதான். 2009-இல் ஈரானில் 150 மாணவிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இஞ்சிப் பொடி 250 மில்லிகிராம், ஒரு குழுவுக்கு மெஃபனமிக் ஆசிட், ஒரு குழுவுக்கு ஐபுபுரூஃபன். இரண்டும் வலி மாத்திரைகள். தினமும் நான்கு வேளை, மூன்று நாள். வலி குறைந்ததில் மூன்று குழுக்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2012-இல் அங்கேயே 120 மாணவிகளிடம் நடந்த இன்னோர் ஆய்வில், வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட இஞ்சி எடுத்தவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. காரணமும் புரிகிறது. வலி மாத்திரைகள் தடுக்கும் அதே புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியை இஞ்சியில் உள்ள சில பொருள்களும் ஆய்வகத்தில் தடுக்கின்றன.

ஆனால் இந்த ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலானவை ஒரே நாட்டின் கல்லூரி மாணவிகளிடம் நடந்தவை. இஞ்சிக்கு வாசனையும் காரமும் இருப்பதால், யார் எதை விழுங்குகிறார்கள் என்பதை முழுக்க மறைப்பதும் கஷ்டம். உலக அளவில் மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் குழு, மாதவிடாய் வலிக்கான மூலிகை, சத்துப்பொருள் ஆய்வுகளை 2016-இல் அலசியது. இஞ்சி, வெந்தயம் உள்ளிட்ட சிலவற்றுக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது, உயர்தர ஆதாரம் எதற்குமே இல்லை என்று முடித்தது. என் கருத்தைக் கேட்டால், விலை குறைவு, ஆபத்து குறைவு, ஆதாரமும் ஓரளவு உண்டு. தாராளமாக முயன்று பாருங்கள்.

சரி, எவ்வளவு சுக்கு? எப்போ குடிக்கணும்?

ஆய்வுகளில் கொடுத்தது நாளொன்றுக்கு முக்கால் கிராம் முதல் இரண்டு கிராம் வரை உலர்ந்த இஞ்சிப் பொடி, மாதவிடாயின் முதல் மூன்று நான்கு நாள்களுக்கு. வீட்டுக் கணக்கில், ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து அரை டீஸ்பூனிலிருந்து முக்கால் டீஸ்பூன் சுக்குப் பொடி. அதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் குடியுங்கள். சுக்கின் மேல்தோலைச் சீவிவிட்டு, தட்டி, கொதிக்கவிட்டு, கருப்பட்டி போட்டால் காரம் தெரியாது. தோலைச் சீவச் சொல்வது சித்த மருத்துவத்தின் பழைய விதி. ஆய்வுகளில் கொடுத்தது பொடி அடைத்த கேப்ஸ்யூல் மாத்திரை என்பதால், வடிகட்டிய கஷாயத்தில் அதே அளவு இறங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பொடியாகவே கலந்து குடிப்பது நல்லது.

2012 ஆய்வில் ஒரு பயனுள்ள செய்தி உண்டு. மாதவிடாய் வருவதற்கு இரண்டு நாள் முன்பே தொடங்கியவர்களுக்கு வலியின் கடுமை குறைந்ததோடு, வலி நீடித்த நேரமும் குறைந்தது. வந்த பிறகு தொடங்கியவர்களுக்குக் கடுமை மட்டும்தான் குறைந்தது. நாள் கணக்கு சரியாக வருபவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம்.

வெந்தயம், பட்டை, சோம்பு இதெல்லாம்?

வெந்தயப் பொடி 900 மில்லிகிராம் வீதம் தினமும் மூன்று வேளை, முதல் மூன்று நாள் கொடுத்துப் பார்த்த ஈரானிய ஆய்வு ஒன்று இருக்கிறது. வலி குறைந்தது. வெறும் மாத்திரை எடுத்த குழுவுக்கும் குறைந்தது, ஆனால் வெந்தயக் குழுவுக்கு அதைவிட அதிகமாக. நம் வீடுகளில் மோரில் போட்டு விழுங்கும் ஒரு டீஸ்பூன் வெந்தயம் ஏறக்குறைய ஆய்வில் கொடுத்த ஒரு நாள் அளவை எட்டிவிடும். பட்டையை ஐபுபுரூஃபனோடு ஒப்பிட்டபோது, வெறும் மாத்திரையைவிட மேல், ஐபுபுரூஃபனைவிடக் கீழ் என்று வந்தது. சோம்புக்கும் வலி குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு.

பட்டையில் ஒரு எச்சரிக்கை. மளிகைக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது தடித்த, கெட்டியான காசியா பட்டை. அதில் உள்ள கூமரின் என்ற பொருள் அதிகமானால் கல்லீரலைப் பாதிக்கும். தினமும் பட்டைத் தண்ணீர் குடிப்பவர்கள் மெல்லிய அடுக்குகளாகச் சுருண்ட இலங்கைப் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். அதில் கூமரின் மிகக் குறைவு.

வலி மாத்திரை போட்டா பின்னாடி குழந்தை நிக்காதாமே? அதுக்கு பயந்துதான் கஷாயம் குடிக்கிறேன்.

இந்தப் பயத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பரீட்சை எழுதும் பெண்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. மாதத்தில் இரண்டு மூன்று நாள் போடும் வலி மாத்திரையால் மலட்டுத்தன்மை வராது. 80 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் கணக்குப்படி, வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு நல்ல நிவாரணம் கிடைத்தது என்றால், இந்த வகை மாத்திரைகளை எடுத்தவர்களில் 45 முதல் 53 சதவீதம் பேருக்குக் கிடைக்கிறது. எந்த மூலிகைக்கும் இவ்வளவு உறுதியான ஆதாரம் கிடையாது.

அதற்காக எல்லோருக்கும் ஏற்றது என்று அர்த்தமில்லை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். சாப்பிட்ட பிறகு போடுங்கள். மெஃபனமிக் ஆசிட் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. மாத்திரை தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சலும் உடம்பெங்கும் தடிப்பும் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

வெந்நீர் பை வைக்கலாமா?

கட்டாயம் வைக்கலாம். சுமார் 39 டிகிரி சூட்டை அடிவயிற்றில் தொடர்ந்து வைத்த ஒரு ஆய்வில், அது ஐபுபுரூஃபனுக்கு ஈடாக வலியைக் குறைத்தது. செலவும் இல்லை, பக்க விளைவும் இல்லை. தோல் சுடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வயசுக்கு வந்த பொண்ணுக்கு உளுந்தங்களி கொடுத்தா கர்ப்பப்பை பலமாகும்ங்கிறாங்களே?

கறுப்பு உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் மூன்றும் சேர்ந்த அருமையான சாப்பாடு அது. உளுந்தில் 100 கிராமுக்குச் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. வளரும் பெண்ணுக்குப் புரதமும் சக்தியும் வேண்டிய நேரத்தில் கொடுக்கிறார்கள். ஆனால் அது கர்ப்பப்பையைத் தனியாகத் தேடிப்போய் பலப்படுத்துகிறது என்பதற்கு ஆய்வு எதுவும் கிடையாது. சாப்பாடாக நினைத்துக் கொடுங்கள். சடங்கு முடிந்ததும் நிறுத்தாமல், வாரம் ஒருமுறையாவது செய்து கொடுங்கள். பையனுக்கும் கொடுக்கலாம்.

ஹீமோகுளோபின் 8 இருக்கு. கருப்பட்டி, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் சாப்பிட்டா ஏறிடுமா?

அவற்றால் மட்டும் ஏறாது. முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய நாலரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பெண்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு நாளுக்கு 29 மில்லிகிராம். ஒரு வேளைப் பொரியலுக்கு 50 கிராம் கீரை என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மில்லிகிராம் சொச்சம்தான், அதிலும் உடம்பு உறிஞ்சுவது சிறு பங்கு. 8 என்பது சாப்பாட்டால் சரிக்கட்டும் கட்டத்தைத் தாண்டிய அளவு. இரும்புச் சத்து மாத்திரை வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளுங்கள், இரும்பு நன்றாகச் சேரும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம்.

இது உங்கள் ஒருவர் பிரச்சினை இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. அதிக உதிரப்போக்கால்தான் ரத்தம் குறைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு அசோகப்பட்டை பற்றிய கேள்வியைப் படியுங்கள்.

நாள் தள்ளிப் போயிருக்கு. எள்ளு, பப்பாளி, கருஞ்சீரகம் சாப்பிட்டா வந்துடுமா?

முதலில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கிப் பாருங்கள். கல்யாணம் ஆனவரா ஆகாதவரா என்று நான் கேட்பதே இல்லை, வாய்ப்பு இருந்தால் பார்த்துவிடுவது உங்களுக்கு நல்லது. கர்ப்பமாக இருந்தால், "வரவழைக்க" எடுக்கும் எதுவும் அரைகுறையாக வேலை செய்து ஆபத்தில் விடலாம். கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

எள்ளுருண்டையும் பழுத்த பப்பாளியும் மாதவிடாயை வரவழைக்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. எலிகளிடம் செய்த ஆய்வில் பப்பாளிக்காயின் பால் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்தது, பழுத்த பப்பாளியின் சாறு அப்படிச் செய்யவில்லை. ஒரு வாரம் முன்னே பின்னே போவது சகஜம். மூன்று மாதம் வராமலே இருந்தால் தைராய்டு, பிசிஓடி (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) பரிசோதனை தேவை.

கோயிலுக்குப் போகணும். பொட்டுக்கடலையை வெறும் வயித்துல சாப்பிட்டா தள்ளிப் போகும்தானே?

போகாது. பொட்டுக்கடலைக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் அந்தச் சக்தி இல்லை. அப்படிச் சாப்பிட்டுத் தள்ளிப்போனவர்களுக்கு அந்த மாதம் தானாகவே தள்ளிப்போயிருக்கும். தள்ளிப்போட உண்மையில் உள்ளது நாரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை. ரத்தம் உறையும் கோளாறு, கல்லீரல் கோளாறு, சில வகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது ஆகாது. அதனால் சீட்டு இல்லாமல் கேட்டால் கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரொம்ப படுது. அசோகப்பட்டைக் கஷாயம் குடிக்கவா, அசோகாரிஷ்டம் வாங்கவா?

முதலில் "ரொம்ப" என்றால் எவ்வளவு என்று பார்ப்போம். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைவது, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது, பெரிய கட்டிகளாகப் போவது, ஏழு நாளைத் தாண்டுவது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது. இதில் ஏதாவது இருந்தால் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. நார்த்திசுக் கட்டி, தைராய்டு, ரத்தம் உறைவதில் கோளாறு என்று பல இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பை உள்சவ்வைச் சோதித்துப் பார்க்க வேண்டியும் வரலாம். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு பட்டாலும் அன்றே கிளம்புங்கள்.

அசோகப்பட்டை உதிரப்போக்குக்குப் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. ஆனாலும் உதிரப்போக்கைக் குறைக்கிறது என்று உறுதியாகக் காட்டிய நல்ல ஒப்பீட்டு ஆய்வு இல்லை. வாழைப்பூவுக்கும் இதே பதில்தான். டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை உதிரப்போக்கை ஏறக்குறைய பாதியளவு குறைக்கும் என்பது நிரூபணமானது.

அசோகத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. உண்மையான அசோக மரம் காடுகளில் அருகி வருகிறது, அழியும் ஆபத்துள்ள இனமாகப் பட்டியலில் இருக்கிறது. அதனால் பள்ளிக்கூட வாசல்களில் நெட்டையாக நிற்கும் நெட்டிலிங்க மரத்தின் பட்டையை அசோகப்பட்டை என்று விற்பது நெடுநாளாக நடக்கிறது. ஒரு முறை ஒரு பெண் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் காட்டினார். செம்பழுப்புப் பொடி, லேசான மர வாசனை, அவ்வளவுதான். பொடியாக்கிய பிறகு எது எந்த மரம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அசோகாரிஷ்டம் உரிமம் பெற்ற நிறுவனங்களிடம் கிடைக்கும், ஆனால் அது புளிக்கவைத்துத் தயாரிப்பது என்பதால் அதில் ஆல்கஹால் உண்டு. கர்ப்பிணிகளும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

பிசிஓடிக்குக் கழற்சிக்காயும் மிளகும் சாப்பிட்டா நீர்க்கட்டி கரையுமாமே?

கழற்சிக்காய்ப் பருப்பை மிளகோடு சேர்த்துக் கொடுப்பது சித்த மருத்துவத்தில் பிரபலம். செயற்கையாகப் பிசிஓடி உண்டாக்கிய எலிகளிடம் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. பெண்களிடம் பெரிய ஒப்பீட்டு ஆய்வு இல்லை. "நீர்க்கட்டி" என்ற பெயரே பயமுறுத்துகிறது. ஸ்கேனில் தெரிபவை கரைக்க வேண்டிய கட்டிகள் அல்ல, முதிராமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். கோளாறு ஹார்மோனிலும் இன்சுலினிலும் இருக்கிறது.

சமையல் பட்டைக்கு ஒரு சிறிய ஆய்வு உண்டு. 45 பெண்கள், தினமும் ஒன்றரை கிராம், ஆறு மாதம். பட்டை எடுத்தவர்களுக்கு மாதவிடாய் அடிக்கடி வரத் தொடங்கியது. புதினா டீயை ஒரு மாதம் குடித்தவர்களுக்கு ஆண் ஹார்மோன் அளவு குறைந்தது, முகத்தில் முடி குறைந்ததாக அளவீட்டில் தெரியவில்லை. உடல் எடை கூடுதலாக உள்ளவர்கள் அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்குச் சுழற்சி திரும்புகிறது, இதற்கு ஆதாரம் வலுவானது. மூலிகை மேல் நம்பிக்கை வைத்து மாதக்கணக்கில் மாதவிடாய் இல்லாமல் காத்திருக்காதீர்கள். உள்சவ்வு தடித்துக்கொண்டே போவது பின்னாளில் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடலாம்.

மலைவேம்புச் சாறு மூணு நாள் குடிச்சா கர்ப்பப்பை சுத்தமாகும், குழந்தை நிக்கும்னு வீடியோவுல சொன்னாங்க.

கர்ப்பப்பை அழுக்கு சேரும் இடமில்லை. உள்சவ்வை மாதாமாதம் தானே உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. சுத்தம் செய்யும் மூலிகை என்று எதை விற்றாலும் வாங்க வேண்டாம்.

மலைவேம்பில் எனக்குக் கூடுதல் பயம் இருக்கிறது. அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் வழங்குகின்றன. பிளைவுட்டுக்காக விவசாயிகள் தோப்பாக வளர்க்கும் மலைவேம்பு ஒன்று, மூலிகை நூல்கள் சொல்லும் மலைவேம்பு இன்னொன்று. இரண்டாவதின் பழத்தில் நஞ்சு உண்டு, அதைத் தின்று மனிதர்களும் கால்நடைகளும் பாதிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. வீடியோ பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் இலை பறித்து அரைத்துக் குடிக்காதீர்கள். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவமனையும் இருக்கின்றன. பல அரசு மருத்துவமனைகளிலும் சித்தா பிரிவு உண்டு.

பீரியட்ஸுக்கு முன்னாடி வர்ற எரிச்சல், மார்பு வலிக்கு நொச்சி நல்லதாமே? வெளிநாட்டுல ஆராய்ச்சி எல்லாம் நடந்திருக்காமே?

ஆராய்ச்சி நடந்தது நம் நொச்சியில் இல்லை, அதன் உறவான மத்தியதரைக் கடல் பகுதிச் செடி ஒன்றின் பழத்தில். ஜெர்மனியில் 170 பெண்களிடம் நடத்தி 2001-இல் வெளியான ஆய்வில், அதை எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 24 சதவீதம் பேருக்கும் தொல்லைகள் பாதிக்கு மேல் குறைந்தன. வேலியோர நொச்சி இலைக்கு அந்தப் பலனை ஏற்றிச் சொல்ல முடியாது. நொச்சி ஆவி சளிக்கு இருக்கட்டும்.

நாட்டு மருந்துல ஈயம், பாதரசம் எல்லாம் இருக்குங்கிறாங்களே, நிஜமா?

வீட்டில் வைக்கும் சுக்குக் கஷாயத்துக்கு அந்தக் கவலை வேண்டாம். பற்பம், செந்தூரம் போன்றவை உலோகங்களையும் தாதுக்களையும் புடம் போட்டுச் செய்பவை. அவற்றை மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் எடுக்கவே கூடாது, கர்ப்பத்துக்கு முயல்பவர்கள் கட்டாயம் கூடாது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. டப்பாவில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதி தேதி, உட்பொருள் பட்டியல் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். "ரகசிய மூலிகை" என்று போட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆராய்ச்சி இல்லைன்னா பலன் இல்லைன்னு அர்த்தமா? எங்க பாட்டி எல்லாம் இதுலதானே குணமானாங்க?

இல்லை, அப்படி அர்த்தமில்லை. யாரும் சரியாகச் சோதித்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். காப்புரிமை கிடைக்காத சுக்குக்கும் கழற்சிக்கும் பணம் போட நிறுவனங்கள் முன்வருவதில்லை, இது உண்மையான குறை. அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள் இதைப் பெரிய அளவில் எடுத்துச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆனால் குணமானது எதனால் என்று பாட்டி சொல்வதை வைத்து முடிவு செய்ய முடியாது. மாதவிடாய் வலி மூன்றாம் நாள் எப்படியும் அடங்கும், எதைக் குடித்திருந்தாலும் அதற்கே பெயர் போகும். மேலே வெந்தய ஆய்வில் வெறும் மாத்திரைக்கும் வலி குறைந்ததைப் பார்த்தீர்கள். குணமாகாத பாட்டிகள் அதை வெளியில் சொல்லவும் இல்லை. சுருண்டு படுத்தவர்களும் ரத்தசோகையோடு பிள்ளை பெற்றவர்களும் அந்தக் காலத்தில் நிறைய இருந்தார்கள்.

தைராய்டு மாத்திரை, சுகர் மாத்திரையோட இதெல்லாம் சேர்த்து எடுக்கலாமா? டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாங்களே.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் சமையலில் சேரும் அளவுக்கு மேல் இஞ்சி, மஞ்சள், வெந்தயம் எடுக்கக் கூடாது. மெட்ஃபார்மினோடு வெந்தயமோ பட்டையோ தினமும் எடுத்தால் சர்க்கரை கூடுதலாக இறங்கலாம், அளந்து பாருங்கள். அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும். கற்றாழையின் மஞ்சள் பால் பேதியாக்கும், கர்ப்பத்தில் ஆகாது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போடுங்கள், எந்தக் கஷாயமும் ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்பு மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் நான்கு மணி நேரம் விடுங்கள்.

திட்டினாலும் சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். பெயர் தெரியாத பொடி என்றால் பொட்டலத்தையே பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாய் திறக்கத் தயக்கமாக இருந்தால் ஒரு சீட்டில் எழுதி, மற்ற மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து மேசையில் வையுங்கள்.